12,000 பவுண்டு ட்ரெய்லருக்குப் பழைய டீசல் பிக்கப்: டூராமேக்ஸா, பவர்ஸ்ட்ரோக்கா, கம்மின்ஸா?

நெடுஞ்சாலை_நாடோடி

எல்லாருக்கும் வணக்கம். இருப்பது டல்லாஸ் பக்கம். டிராவல் ட்ரெய்லர் ஒன்று, தண்ணி, சாமான் எல்லாம் ஏற்றினால் 12,000 பவுண்டு. வருஷத்துக்கு 12,000 மைல் ஓடும், அதில் பாதி ட்ரெய்லரோடு. கோடையில் கொலராடோ மலைப்பக்கம் போவது உண்டு. மீதி நாளெல்லாம் ஆபீசுக்குப் போக 6 மைல், வர 6 மைல், அவ்வளவுதான். பட்ஜெட் 50,000 டாலர். பார்த்து வைத்திருப்பது மூன்று வண்டி:

2019 செவி சில்வராடோ 2500, 6.6 டூராமேக்ஸ், 92,000 மைல்
2020 ஃபோர்டு எஃப்-250, 6.7 பவர்ஸ்ட்ரோக், 78,000 மைல்
2020 ராம் 2500, 6.7 கம்மின்ஸ், 70,000 மைல்

மூன்றும் க்ரூ கேப், 4x4, ஆட்டோமேட்டிக். வீடியோக்களில் ஒருத்தர் கம்மின்ஸுக்கு அழிவே இல்லை என்கிறார், அடுத்தவர் பம்ப் போனால் பத்தாயிரம் டாலர் காலி என்கிறார். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடுது. பிராண்டு சண்டை வேண்டாம். எந்த வண்டியில் எது போகும், ஏன் போகும், வாங்கும் முன்னாடி எதைத் திறந்து பார்க்கணும், இது தெரிந்தால் போதும்.

ஸ்பானர்_சாமி

இன்ஜின் பெயரை மறந்துட்டு முதல்ல ஹை பிரஷர் பம்ப் எதுன்னு பாருங்க. இந்தத் தலைமுறை டீசல்களில் கிராங்க் உடைந்து, பிளாக் விரிந்து வண்டி நிற்பது அபூர்வம். நடுரோட்டில் நிற்க வைப்பது மூன்று: பம்ப், புகைக்குழாய்ச் சமாச்சாரம், கியர்பாக்ஸ். பம்ப் கதையை நான் சொல்லிடறேன், மற்றதை வேறு யாராவது எடுத்துக்கட்டும்.

கெட்ட பேர் வாங்கியது பாஷ் சிபி4.2. உள்ளே இரண்டே பிஸ்டன். கேம் சுற்றும்போது அதன் மேல் ஒரு உருளை உருண்டு போகும், உருளையைத் தாங்கும் டாப்பெட் பிஸ்டனைத் தள்ளும். அந்த டாப்பெட் தன் துளைக்குள்ளேயே திரும்பிவிடாமல் பிடித்து வைக்க உள்ளே ஒன்றும் கிடையாது. டீசலில் காற்றோ தண்ணியோ புகுந்து, அல்லது வழவழப்பு குறைந்து, டாப்பெட் ஒரு கணம் கேமை விட்டு எழும்பிக் கொஞ்சம் திரும்பினால் தீர்ந்தது. உருள வேண்டியது குறுக்கே நின்று தேய்க்க ஆரம்பிக்கும். அதற்கப்புறம் அது பம்ப் இல்லை, அரம். அராவின இரும்புப்பொடி ரெயிலுக்கு (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலைப் பகிரும் குழாய்) போய், எல்லா இன்ஜெக்டரிலும் புகுந்து, ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க் வரை போய்ச் சேரும். பம்பை மட்டும் மாற்றி ஓட்டினால் புதுப் பம்பையும் அதே பொடி தின்னும். பம்ப், ரெயில், இன்ஜெக்டர், லைன் எல்லாம் மாற்றி, டேங்கை இறக்கிக் கழுவணும். பில் 8,000 முதல் 12,000 டாலர் வரை போவது இதனால்தான்.

டீசலுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்க டீசலில் கந்தகம் 15 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகத்தை எடுக்கிற சுத்திகரிப்பிலேயே இயற்கையான வழவழப்பும் போயிடும், அப்புறம் சேர்மானம் போட்டுத்தான் ஈடு கட்டுறாங்க. தேய்மானச் சோதனையில் விழும் தழும்பு ஐரோப்பாவின் இஎன் 590 தரத்தில் 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. இங்கே டி975 தரம் 520 வரை விடுது.

இனி உங்க மூன்று வண்டி.

2019 சில்வராடோவில் இருப்பது எல்5பி இன்ஜின், 2017-இல் வந்தது. பம்ப் டென்சோ எச்பி4, சிபி4 இல்லை. டேங்குக்குள்ளேயே லிஃப்ட் பம்ப் வேறு உண்டு, ஹை பிரஷர் பம்புக்கு டீசலைத் தள்ளித் தருவது அதுதான். 2011–2016 எல்எம்எல் டூராமேக்ஸில்தான் சிபி4.2 இருந்தது. அதுவும் லிஃப்ட் பம்ப் இல்லாமல், பம்பே டேங்கிலிருந்து உறிஞ்சணும். உறிஞ்சுகிற லைனில் ஒரு சின்ன கசிவு இருந்தாலும் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இந்தப் பம்புக்காக செவி கம்பெனி மேல் வந்த வழக்கு 2024-இல் 50 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆச்சு. ‘டூராமேக்ஸ் பம்ப் போகும்’ என்று கேள்விப்படுவதில் பெரும்பகுதி அந்த எல்எம்எல் கதை. அதைக் கொண்டுவந்து 2019 வண்டி மேல் போடாதீங்க.

2020 ராம்: கம்மின்ஸில் 2018 வரை சிபி3, மூன்று பிஸ்டன் உள்ள முரட்டுப் பம்ப். 2019, 2020 இரண்டே வருஷம் சிபி4.2-க்கு மாறி, 2021-இல் திரும்ப சிபி3-க்கே வந்துட்டாங்க. நீங்க பார்ப்பது சரியா அந்த இரண்டு வருஷத்தில் ஒன்று. 2021 நவம்பரில் 222,410 வண்டிகளுக்கு ரீகால் போட்டு சிபி3 மாட்டிக் கொடுத்தாங்க. மாட்டின வண்டின்னா இந்தப் பயமே இல்லை. வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் அடித்தால் பாக்கி இருக்கா என்று ஒரு நிமிஷத்தில் தெரியும்.

2020 ஃபோர்டு: 2011 முதலே சிபி4.2. ஆனால் சேஸிஸில் லிஃப்ட் பம்பும் வாட்டர் செப்பரேட்டரும் சேர்ந்த யூனிட் ஒன்று, இன்ஜின் பக்கம் இரண்டாவது ஃபில்டர் ஒன்று, ஆக இரண்டு வடிகட்டி தாண்டித்தான் டீசல் பம்புக்கு வரும். எல்எம்எல் அளவுக்குச் சாவதில்லை, ஆனால் செத்தால் பில் அதே பில்தான். வாங்கினால் இரண்டு ஃபில்டரையும் 15,000 மைலுக்கு ஒருமுறை ஜோடியா மாற்றுங்க. பம்ப் போனாலும் பொடி ரெயிலுக்குப் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் கிட் கிடைக்குது. பம்பைக் காப்பாற்றாது, இன்ஜெக்டர்களைக் காப்பாற்றும்.

இன்னொன்று, இது எந்த வண்டிக்கும்: டிஇஎஃப் (புகையைச் சுத்தம் பண்ண ஊற்றும் யூரியாக் கரைசல்) மூடி நீலம், டீசல் மூடி அதன் பக்கத்திலேயே. யாராவது மாற்றி டீசல் டேங்கில் டிஇஎஃப் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பக் கூடாது. ஆன் பண்ணினதுமே லிஃப்ட் பம்ப் ஓடி லைன் முழுக்க ஏற்றிவிடும். டோ பண்ணி டேங்கை இறக்குங்க. ஸ்டார்ட் பண்ணாத வரைக்கும் சில நூறு டாலர் வேலை, பண்ணிட்டா பல ஆயிரம். தண்ணி கலந்த டீசல்னு எழுதி வாரண்டியையும் மறுத்துடுவாங்க.

கருப்பட்டி_காபி

சாமி அண்ணன் பம்பைப் பிடிச்சுட்டார். நான் கியர்பாக்ஸுக்கு வர்றேன், ஏன்னா உங்க 12,000 பவுண்டுக்கு அதுதான் முதல் கேள்வின்னு நினைக்கிறேன்.

ராம் 2500-இல் டீசலோடு வரும் ஆட்டோமேட்டிக் 68ஆர்எஃப்இ ஒன்றுதான். அதுதான் அந்த வண்டியின் இளைத்த இடம். ஓவர்டிரைவ் (மேல் கியர்) கிளட்ச் பேக் சின்னது, லைன் பிரஷர் குறைவு, வால்வ் பாடி பிளேட் நெளிந்து எண்ணெய் குறுக்கே கசியும். பாரம் இழுத்துக்கொண்டு 5, 6-ஆம் கியரில் லேசான மேட்டில் ஏறும்போது கிளட்ச் நழுவும். ட்ரெய்லர் இருந்தால் டோ/ஹால் (பாரம் இழுக்கும் மோடு) கட்டாயம், எக்ஸாஸ்ட் பிரேக்கும் (புகையை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டே ஓட்டணும். ஏடிஎஃப்+4 கியர்பாக்ஸ் எண்ணெயை 30,000–40,000 மைலில் மாற்றுங்க. உள்ளே ஃபில்டர் இரண்டு, ஒன்று தட்டையா சம்ப்பில், ஒன்று திருகி மாட்டுவது. பல கடையில் ஒன்றை மட்டும் மாற்றிட்டு ‘சர்வீஸ் பண்ணியாச்சு’ன்னு எழுதிடறாங்க, ரசீதில் இரண்டும் இருக்கான்னு பாருங்க.

கம்மின்ஸ்தான் வேணும்னா 3500 ஹை அவுட்புட் பாருங்க. அதில் 2013 முதல் 2024 வரை ஐசின் ஏஎஸ்69ஆர்சி. முரட்டுப் பெட்டி, நெடுநாள் உழைக்கும். ஆனா அதுக்கு ஏஎஸ்ஆர்சி-ன்னு தனி எண்ணெய், ஏடிஎஃப்+4 ஊற்றினா கெட்டது. 2025-லிருந்து இரண்டையும் தூக்கிட்டு இசட்எஃப் 8 ஸ்பீடு கொடுத்திருக்காங்க, அது உங்க பட்ஜெட்டுக்கு இப்போ எட்டாது.

சில்வராடோவில் 2019 வரை ஆலிசன் 1000, ஆறு ஸ்பீடு. இந்த மூன்றில் நான் கண்ணை மூடிக்கிட்டு நம்பறது இதைத்தான். ஃபில்டர் வெளியே இருக்கு, இன்ஜின் ஆயில் ஃபில்டர் மாதிரி வீட்டிலேயே திருகி மாற்றலாம். 2020-லிருந்து 10 ஸ்பீடு. அதில் 2020–2022 டீசல் வண்டிகளுக்கு 2024 கடைசியில் ரீகால் வந்தது: கன்ட்ரோல் வால்வ் தேய்ந்து, ஓடிக்கிட்டிருக்கும்போதே பின்சக்கரம் பூட்டிக்கலாம்னு. நாலரை லட்சத்துக்கும் மேல் வண்டி. தீர்வு மென்பொருள்தான். தேய்மானத்தைக் கவனிச்சு, எல்லை மீறினா வண்டியை 5-ஆம் கியருக்கு மேல விடாது. அதனால 2019-க்குப் பதிலா ‘ஒரு வருஷம் புதுசு’ன்னு 2020 சில்வராடோவுக்குத் தாவாதீங்க.

ஃபோர்டு 10ஆர்140, 2020-லிருந்து. 475 குதிரைத்திறன், 1,050 பவுண்டு-அடி முறுக்குவிசையைத் தாங்கவே கட்டினது. எஃப்-150-இல் வரும் 10ஆர்80 பெயரை வச்சு இதைத் திட்டறவங்க உண்டு, இரண்டும் வேற வேற பெட்டி.

இதெல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கணக்கு. டிரைவர் கதவைத் திறந்தா தூணில் மஞ்சள், வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்த்து இவ்வளவு பவுண்டுக்கு மேல் கூடாதுன்னு அச்சடிச்சிருக்கும். ட்ரெய்லர் நாக்கு எடை (ஹிட்ச் மேல் அது அழுத்தும் எடை) மொத்தத்தில் 10–15 சதவீதம், 13-ன்னு வைங்க, 1,560. எடைப் பகிர்வு ஹிட்ச் 100. ஆக 1,660 அங்கேயே போச்சு. ஸ்டிக்கரில் 2,200 இருந்தா மிச்சம் 540. நாலு பேர், ஐஸ்பெட்டி, டூல் பாக்ஸ், முடிஞ்சது. டீசல் இன்ஜினே கனம்கிறதால 2500-களில் இந்த எண் கம்மியாத்தான் இருக்கும். வண்டி இழுக்கும், ஆனா தாங்காது. ஸ்டிக்கர் எண்ணைப் போடுங்க, அப்புறம் பேசுவோம்.

மூணாம்கியர்

தினம் 6 மைல் ஓட்டுறவருக்கு டீசல் எதுக்குங்க? ஃபோர்டு 7.3 பெட்ரோல் இருக்கு, செவியில் 6.6 பெட்ரோல் இருக்கு. டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இல்லை, டிஇஎஃப் இல்லை, பத்தாயிரம் டாலர் பம்பும் இல்லை. ஸ்டிக்கரில் தாங்கும் எடையும் கூட வரும்.

ஸ்பானர்_சாமி

நியாயமான கேள்வி. சமவெளியிலேயே சுற்றுவார்னா நானும் பெட்ரோல்தான் சொல்லியிருப்பேன். இவர் கொலராடோ போறார். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். ஐ-70-இல் ஐசனோவர் சுரங்கம் 11,158 அடி. அங்கே 430 குதிரை 300-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதைவிட முக்கியம் இறக்கம். டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டால் 12,000 பவுண்டோடு பிரேக் மிதிக்காமலே இறங்கலாம். பெட்ரோலில் கியரைக் குறைத்து 4,500 ஆர்பிஎம்மில் அலற விட்டுத்தான் இறங்கணும். வருஷத்தில் எத்தனை தடவை அந்த மலை என்பதை அவரே முடிவு பண்ணட்டும்.

நெடுஞ்சாலை_நாடோடி

வருஷத்துக்கு இரண்டு தடவையாவது மலை உண்டு, அதனால் டீசலே. ஸ்டிக்கர் பார்த்தேன்: சில்வராடோ 2,460, ஃபோர்டு 2,240, ராம் 2,180. ராம் வின்னைப் போட்டால் பம்ப் ரீகால் பாக்கி என்றே வருது.

இரண்டு சந்தேகம். ஒன்று, 6 மைல் ஓட்டம் டிபிஎஃப்பை என்ன பண்ணும்? இரண்டு, நேரில் போய்ப் பார்க்கும்போது எதை எந்த வரிசையில் பார்க்கணும்?

வெள்ளைத்துணி

இரண்டுக்கும் சேர்த்தே எழுதுறேன், கொஞ்சம் நீளும்.

டிபிஎஃப் என்பது கரியைப் பிடிக்கும் பீங்கான் சல்லடை. நிறைந்ததும் வண்டியே அதை 600 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடாக்கிக் கரியை எரிக்கும், ரீஜென் என்பது அதுதான். அதற்கு 20 நிமிஷமாவது தொடர்ந்த ஓட்டம் வேணும். 6 மைலில் இன்ஜின் சூடாகும்போதே ஆபீஸ் வந்துடும். ரீஜென் பாதியில் நிற்கும், மறுநாள் மறுபடி முதலிலிருந்து. இப்படி அறுத்து அறுத்து நிறுத்தினால் கரி ஏறுவதோடு முடியாது. ஃபோர்டும் கம்மின்ஸும் எரிக்கத் தேவையான டீசலை சிலிண்டருக்குள்ளேயே கடைசி நேரத்தில் பீய்ச்சும். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரோடு வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கிட்டே போனால் அது ஆயில் இல்லை, டீசல். டூராமேக்ஸ் எல்5பி-இல் இதற்குன்னே ஒன்பதாவது இன்ஜெக்டர் ஒன்று, டர்போவுக்கு அப்புறம் புகைக்குழாயிலேயே பீய்ச்சும். ஆயில் கெடுவது குறைவு. உங்க மாதிரி குறுகிய ஓட்டத்துக்கு இது ஒரு உண்மையான வித்தியாசம், யாரும் பெரிசா பேசறதில்லை.

செய்ய வேண்டியது: வாரம் ஒருமுறை 30–40 நிமிஷம் ஹைவேயில் 60 மைல் வேகத்தில் ஓட்டுங்க. ஆயில் ட்ரெய்லர் மாசங்களில் 5,000 மைலுக்கு மேல் விடாதீங்க. ஃபோர்டு 13 குவார்ட், கம்மின்ஸ் 12, டூராமேக்ஸ் 10. ஃபோர்டுக்கு சிகே-4 (டீசல் ஆயில் தரம்) என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி171-எஃப்1 என்ற அங்கீகாரம் டப்பாவில் இருக்கணும். சில சிகே-4 ஆயில்களில் பாஸ்பரஸ் குறைவு என்று ஃபோர்டே அவற்றை ஏற்கவில்லை.

இப்போ நேரில் பார்ப்பது. குளிர்ந்த இன்ஜினா இருக்கணும், வரும் முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்க, சூடா இருந்தால் எதையோ மறைக்கிறாங்க.

முதல் வேலை வெள்ளைத் துணி. விரலில் சுற்றி டெயில் பைப்புக்குள் விட்டுத் துடைங்க. டிபிஎஃப் ஒழுங்கா வேலை செய்யும் வண்டியில் துணி கிட்டத்தட்ட அப்படியே வரும், மிஞ்சினால் சாம்பல் நிறம். மை மாதிரி கருப்பு ஒட்டினால் சல்லடை விரிசல் விட்டிருக்கு, இல்லைன்னா உள்ளே சல்லடையே இல்லை. கீழே குனிந்து பாருங்க, கேபினுக்கு அடியில் தடித்த உருளை, அதில் ஒயரோடு சென்சார்கள் இருக்கணும். நேர்க்குழாய் போயிருந்தால் டெலீட் பண்ணின வண்டி, ஃபெடரல் சட்டப்படி தப்பு. திரும்ப எல்லாம் மாட்ட ஆயிரக்கணக்கில் ஆகும். விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீங்க. எல்5பி-இன் கம்ப்யூட்டர் பூட்டு உடைபட நாளாச்சு, அதனால் கை வைக்காத 2017–2019 சில்வராடோ கிடைப்பது கொஞ்சம் சுலபம்.

அடுத்தது ஸ்கேனர். எச்சரிக்கை விளக்கு எரியலை என்பதை நம்பாதீங்க, பிழைக் குறியீட்டை அழிச்சிட்டும் காட்டலாம். ரெடினஸ் மானிட்டர் (வண்டி தன்னைத்தானே சோதிக்கும் பட்டியல்) எல்லாம் ‘முடிந்தது’ என்று இருக்கணும். ‘முடியவில்லை’ என்று வந்தால் நேற்றோ இன்றைக்கு காலையிலோ அழிச்சிருக்காங்க. லைவ் டேட்டாவில் கரி அளவு, கடைசி ரீஜெனுக்கு அப்புறம் ஓடின தூரம் இரண்டையும் பாருங்க. ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன் செயலியிலேயே தெரியும். சாதாரணமா 300–500 மைலுக்கு ஒரு ரீஜென். 150-க்குக் கீழே திரும்பத் திரும்ப எரிக்குதுன்னா இன்ஜெக்டரோ, புகையைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்பும் ஈஜிஆரோ, டர்போவோ எங்கோ கரியைக் கூடுதலா உண்டாக்குது. டிபிஎஃப்பைச் சுத்தம் பண்ணினால் மட்டும் தீராது.

டேஷ் மெனுவில் இன்ஜின் ஓடின மணி நேரம் வரும். மைலை அதால் வகுங்க. 78,000 மைல், 2,200 மணி என்றால் சராசரி 35, ஹைவே வண்டி. அதே 78,000-க்கு 3,900 மணி என்றால் 20 மைல், ஏதோ வேலைக்களத்தில் ஏசி போட்டுக்கிட்டு நின்றே கழிந்த வண்டி. நின்ற இடத்தில் ஓடின ஒரு மணியை 25 மைலா வைங்க என்று ஃபோர்டே சொல்லுது. அப்படி எண்ணினால் மீட்டரில் காணாத பல ஆயிரம் மைல் வெளியே வரும்.

டீசல் சோதனை: வாட்டர் செப்பரேட்டர் அடியில் இருக்கும் திருகைத் திறந்து ஒரு கப் அளவு சுத்தமான கண்ணாடி ஜாடியில் பிடிங்க. பத்து நிமிஷம் அசைக்காமல் வைங்க. தண்ணி இருந்தால் அடியில் தனிப் படலமா நிற்கும். டார்ச் அடித்தால் மினுமினுப்பு தெரிந்தால், ஜாடிக்கு வெளியே காந்தத்தை நகர்த்திப் பாருங்க, பொடி கூடவே நகர்ந்தால் இரும்பு. ஆனால் ஒன்று: இந்த ஜாடியில் பொடி வந்தால் அது பம்பில் தொடங்கி ரிட்டர்ன், டேங்க் எல்லாம் சுற்றி வந்த பொடி. நோய் முற்றின பிறகு வரும் அறிகுறி. சிபி4-ஐ முன்கூட்டிப் பிடிக்கணும்னா பம்ப் மேலேயே இருக்கும் அளவு கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி, அதன் சல்லடையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கணும். ஃபோர்டு வாங்கப் போறீங்கன்னா மெக்கானிக்குக்கு ஒரு மணி நேரக் கூலி கொடுத்து இதைச் செய்ய வைங்க.

ராம் என்றால் கிரிட் ஹீட்டர். குளிரில் காற்றைச் சூடாக்க, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் வாயில் இருக்கும் கம்பிச்சட்டம். மின்சாரம் வரும் போல்ட் நாளடைவில் லூஸாகும். லூஸானால் அங்கே தடை கூடிச் சூடாகும், சூட்டில் போல்ட் தேயும், கடைசியில் அறுந்து நேரா இன்டேக்குக்குள் விழும். பெரும்பாலும் 6-ஆம் சிலிண்டர் அதை வாங்கிக்கும், பிஸ்டன் காலி. இன்டேக் ஹார்னை (காற்று வரும் வளைகுழாய்) கழற்றி போல்ட்டை ஆட்டிப் பாருங்க. ஆடினாலோ, சுற்றிலும் கருகி நிறம் மாறியிருந்தாலோ மாற்றாமல் ஓட்டக் கூடாது. இணைப்பை வெளியே கொண்டுவரும் கிட் உண்டு. 2025-இல் கம்மின்ஸே இதை விட்டுட்டு க்ளோ பிளக்குக்குப் போயிட்டாங்க. அது போக 2019-லிருந்து ஹைட்ராலிக் லிஃப்டர் வந்தது, அதற்கு முன்னாடி திடமான டாப்பெட். லிஃப்டர் தேய்ந்து கேமை அரித்ததாகப் புகார்கள் உண்டு, குளிர் ஸ்டார்ட்டில் டக் டக் சத்தம் சூடான பிறகும் நிற்கலைன்னா விட்டுடுங்க.

ஃபோர்டு என்றால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் டார்ச் அடிங்க. மேல் ஆயில் பேன் சீலன்ட் கசிவது தெரிந்த விஷயம். பொருள் விலை ஒன்றுமில்லை, கூலிதான் தலை சுற்றும். கூலன்ட் அமைப்பு இரண்டு தனித்தனி, இரண்டு பாட்டிலிலும் அளவு பாருங்க.

ஓட்டிப் பார்க்கும்போது 45–65 மைல் வேகத்தில் பாலத்தின் இணைப்பு மேல் ஏற்றுங்க. ஃபோர்டு, ராம் 4x4 இரண்டுக்கும் முன்னால் ஒற்றை இரும்பு ஆக்சில். ஆக்சிலைப் பிடிக்கும் டிராக் பார் புஷ்ஷோ பால் ஜாயின்டோ தேய்ந்திருந்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் போகிற மாதிரி நடுங்கும். ஸ்டீயரிங் டேம்பரை (அதிர்வு அடக்கி) மட்டும் மாற்றினால் நடுக்கம் மறையும், தேய்மானம் அப்படியே இருக்கும். செவிக்கு முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன், அந்த நடுக்கம் வராது, பதிலுக்கு டை ராட் தேயும்.

கருப்பட்டி_காபி

வெள்ளைத்துணி சொன்னதோட டிஇஎஃப் ஒன்று சேர்த்துக்கோங்க, டெக்சாஸ் வெயிலுக்கு இது முக்கியம். டிஇஎஃப் 32.5 சதவீத யூரியா, மீதி சுத்தத் தண்ணி. 35 டிகிரி செல்சியஸில் வச்சிருந்தா ஆறு மாசம்தான் தாங்கும். காரேஜில் மே மாசம் அடுக்கி வச்ச பெட்டியை டிசம்பரில் ஊற்றினா தரம் சரியில்லைன்னு பிழைக் குறியீடு வரும், அப்புறம் சென்சாரை மாற்று, பம்பை மாற்றுன்னு காசு போகும், கோளாறு பெட்டியில் இருந்திருக்கும். பெட்டியில் தேதி பார்த்து வாங்குங்க, தேவைக்கு மட்டும் வாங்குங்க. மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் கட்டியிருந்தா வெந்நீரில் துடைச்சுடுங்க, அது உள்ளே விழுந்தா வடிகட்டி அடையும்.

மூன்று வண்டியிலும் நாக்ஸ் சென்சாரும் (புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது) டிஇஎஃப் டேங்க் ஹீட்டரும் போகும். இதில் யாரும் யோக்கியன் இல்லை. முன்னாடி இந்தப் பிழைக் குறியீடு வந்தா கவுன்ட்டவுன் ஓடி கடைசியில் மணிக்கு 5 மைலுக்கு மேல் போக விடாது, ட்ரெய்லரோட நடுவழியில். 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ இதைத் தளர்த்தச் சொல்லி வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. உங்க வண்டிக்கு மென்பொருள் வந்திருக்கான்னு டீலர்கிட்ட வின்னைக் கொடுத்துக் கேளுங்க.

ஸ்டிக்கர் எண்ணைப் பார்த்தா ராம் போச்சு. ரீகால் பாக்கி, 68ஆர்எஃப்இ, ஆள் ஏற மிச்சம் 520 பவுண்டு. ஃபோர்டுக்கு 580, சில்வராடோவுக்கு 800. நாலு பேர் போறதுன்னா எனக்கு 2019 சில்வராடோதான். 92,000 மைல் அந்த இன்ஜினுக்கும் ஆலிசனுக்கும் ஒன்றுமே இல்லை.

ஸ்பானர்_சாமி

சில்வராடோ எனக்கும் சரி. ஒரே ஒரு மாற்றுக் கருத்து: ஃபோர்டின் வால்வ் சல்லடை சுத்தமா இருந்து, மணிக்கணக்கும் நல்லா இருந்து, விலை மூவாயிரமாவது குறைந்தால் அதை ஒதுக்காதீங்க. எக்ஸாஸ்ட் பிரேக்கும் அந்த 10 ஸ்பீடும் இறக்கத்தில் சேர்ந்து வேலை செய்வது தனி சுகம்.

சில்வராடோவில் இன்னும் இரண்டு இடம். கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டர் பக்கம் போகும் கூலர் லைன்: ரப்பரும் அலுமினியமும் சேரும் கிரிம்ப்பில் (இறுக்கிக் கவ்வின இடம்) ஈரம் இருக்கா பாருங்க. சொட்டு விழாது, தூசி ஒட்டிக் கருப்பா ஒரு வளையம் மட்டும் தெரியும். இழுக்கும்போது சூட்டில்தான் பெரிசா ஒழுகும். அடுத்து டீசல் ஃபில்டர், எல்5பி-க்கு சேஸிஸில் ஒன்றே ஒன்று. எப்போ மாற்றினதுன்னு ரசீது இல்லைன்னா வாங்கின அன்றைக்கே மாற்றுங்க.

நெடுஞ்சாலை_நாடோடி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை வெள்ளைத் துணி, ஜாடி, காந்தம், ஸ்கேனரோடு சில்வராடோவைப் பார்க்கப் போறேன். வாங்கினால் ஆலிசன் ஃபில்டரை நானே மாற்றலாம்னு இருக்கேன். மாற்றும்போது கவனிக்க ஏதாவது இருக்கா?

கருப்பட்டி_காபி

வண்டி சமதரையில் இருக்கணும், கீழே தட்டு வைங்க. ஃபில்டர் மட்டும் மாற்றினா கொஞ்சம்தான் எண்ணெய் இறங்கும், அதே அளவு திரும்ப ஊற்றி, சூடானதும் அளவுகோலில் சரிபாருங்க. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்கினா போதும். முக்கியமா, ஃபில்டருக்குள்ளே பணியாரம் அளவில் வட்டமா ஒரு காந்தம் உட்கார்ந்திருக்கும். அதில் சேறு மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தா சாதாரணம், ஊசி மாதிரி துண்டுகள் இருந்தா கியர்பாக்ஸ்காரரைப் பாருங்க. பார்த்துட்டு, துணியால் துடைச்சுப் புது ஃபில்டரில் அதே காந்தத்தை மாட்டணும். புதுசோட காந்தம் வராது. பாதிப் பேர் அதைப் பழைய ஃபில்டரோடயே குப்பையில் போட்டுடறாங்க.